சக்கில் இருக்கும் சாவி

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறை. அங்கே குருவுக்கு வயது முப்பத்தேழு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. தலைகீழாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், இருந்ததே அப்படித்தான்.

குருவின் பெயர் சாந்தாமணி. சீடர் நாச்சிமுத்து, ஒரு நூல் மில்லில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். ஐந்து மாதமாகச் சாந்தாமணியிடம் லேத் பழகுகிறார். இன்றுவரை மில்லின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகிறார். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு உடம்பும் ஓய்ந்திருந்தது, மனசும் ஓய்ந்திருந்தது. காலையில் மில் மேனேஜர் போன் செய்திருந்தார். மூடிக் கிடக்கும் மில்லின் கேட்டுக்கு ஒரு வாட்ச்மேன் வேண்டுமாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி கூப்பிடுவாராம். வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாற்காலி உண்டு, நிழல் உண்டு, புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது. களைத்துப்போனவருக்கு அது பெரிய ஆசைதான்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"பழைய லேத் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க. வாங்குனா அதுக்கு மூணு தாடை சக்கு போடறதா, நாலு தாடை போடறதா?"

சக் என்பது லேத்தின் பிடி. சுழலும்போது இரும்பைக் கவ்விக்கொண்டிருப்பது அதுதான். மூன்று தாடை சக்கில் ஓர் இடத்தில் திருகுச் சாவியைப் போட்டுத் திருப்பினால் மூன்று தாடையும் ஒன்றாக நகரும், பொருள் தானே நடுவில் வந்து உட்காரும். நாலு தாடையில் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு நகரும். கோணலோ மாணலோ எதையும் பிடிக்கும், ஆனால் நடுவை நாம்தான் தேட வேண்டும். ஐந்து மாதமாக நாச்சிமுத்துவின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது இந்த நாலு தாடை.

சாந்தாமணி கழற்றி வைத்திருந்த நாலு தாடை சக்கைக் காட்டினாள்.

"அதைத் தொடச்சு மாட்டுங்க."

சனிக்கிழமைதோறும் நடப்பதுதான். தாடைகளை மண்ணெண்ணெயில் கழுவி, பல்லிடுக்கில் சிக்கிய இரும்புப் பிசிறைப் பிரஷால் தள்ளி, திருகுக்குத் துளி எண்ணெய் விட வேண்டும். பிறகு ஒவ்வொரு தாடையையும் அதே எண் அடித்த காடியில், சக்கின் பள்ளத்தில், மாட்ட வேண்டும். நாச்சிமுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். மாட்டும்போது மட்டும் மனசு மில் கேட்டுப் பக்கம் போய்விட்டது.

அவள் ஒரு தாடையைத் தட்டினாள். "இதுல என்ன நெம்பர் அடிச்சிருக்குது?"

"மூணுங்க."

"அது உக்காந்துருக்கற காடியில?"

"ரெண்டு." அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆனா உக்காந்துருச்சுங்களே."

"உக்காரும். புடிக்காது."

கழற்றி மறுபடி மாட்டினார். அவருக்குத் தன்மேலேயே சலிப்பாக இருந்தது. சக்கை லேத்தில் ஏற்றியதும் அவள் ஒரு கப்ளிங்கைக் கொடுத்தாள். ஒரு விவசாயியின் கிணற்று மோட்டாரையும் பம்பையும் இணைப்பது. வெளிப்பக்கம் அடிபட்டு நெளிந்திருந்தது, உள்துளையை வைத்துத்தான் நடு பார்க்க வேண்டும்.

நாலு தாடைக்கும் நடுவே அதைப் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயலின் முனையைத் துளைக்குள் தொடவைத்து, சக்கைக் கையால் சுற்றினார். நடு சரியாக இருந்தால் டயலின் முள் ஆடாது. முள் பன்னிரண்டு கோடு ஆடியது.

ஒன்றாம் தாடையை இறுக்கினார். பன்னிரண்டு. இன்னும் இறுக்கினார். மணிக்கட்டு வலித்தது. பன்னிரண்டேதான்.

"எறுக்க எறுக்க நகர மாட்டீங்குதுங்க அம்மிணி."

"எந்தப் பக்கம் போகோணும்?"

"அக்கட்டாலீங்க." அவர் எதிர்ப்பக்கத்தைக் காட்டினார்.

"அக்கட்ட எடம் இருக்குதா?"

எதிரே மூன்றாம் தாடை கப்ளிங்கை நெருக்கிக்கொண்டு நின்றது. அதை அப்படி இறுக்கியதும் அவர்தான்.

அதைக் கொஞ்சம் தளர்த்தினார். பிறகு இந்தப் பக்கம் இறுக்கினார். முள் ஏழுக்கு வந்தது. இன்னொரு முறை செய்தார். மூன்று.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவர் சாவியை உருவி மேஜையில் வைத்தார். மேனேஜர் போனைப் பற்றி முழுவதும் சொன்னார்.

"மில்லுல இப்படியில்லீங்க. ஒரு பட்டனை அமுத்துனா போதும். இங்க ஒண்ணொண்ணுக்கும் ரோசனை பண்ண வேண்டியிருக்குது. எனக்குக் கை ஓஞ்சு போச்சுங்க. இந்த வேலை எனக்கு வருமா? அவருக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

சாந்தாமணி எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால். அவளுக்கும் அலுப்பு இருக்காதா?

"முள்ளு எத்தனை?" என்றாள்.

"மூணுங்க."

"பன்னெண்டு இருந்துது. மீதியப் பாருங்க."

அவர் அடுத்த தாடையில் சாவியைப் போட்டார். அப்போது போன் அடித்தது. மணி ஐந்து. மேஜையில் மேனேஜரின் பெயர் ஒளிர்ந்தது.

நாச்சிமுத்துவின் ஒரு கை சாவியில் இருந்தது, மறு கை போனை நோக்கிப் போனது.

அந்தப் பட்டறையில் முதல் நாள் சொல்லித்தரும் முதல் பாடம் ஒன்று உண்டு. சாவியைச் சக்கில் விட்டுவிட்டுக் கையை எடுக்கக் கூடாது. யாராவது சுவிட்சைப் போட்டால் சாவி பறந்து வந்து ஆளை அடிக்கும். சாந்தாமணியின் புருவத்தில் இருக்கும் தழும்பு அப்படி வந்ததுதான்.

"அம்மிணி?" என்றார்.

அவள் போனைப் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை.

"எடுங்ணா. எடுக்கறதுன்னா சாவிய உருவிட்டு எடுங்க."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து சாவியை உருவினார். போன் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டார். பிறகு சக்கை அரைச் சுற்றுத் திருப்பி, எதிர்த்தாடையில் சாவியைப் போட்டு, ஒரு மயிரிழை தளர்த்தினார்.