செல்லாயியின் கட்டைவிரல்

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கொலை வழக்கில் முந்திரி உடைக்கும் செல்லாயிக்குத் தூக்குதான் என்று கோர்ட்டே நினைத்தது.

"கத்திப்பிடியில் இவள் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகத் தெரிகிறது. முப்பது வருஷ சர்வீஸில் நான் தவறியதில்லை" என்று மீசையைத் தடவினார் கைரேகை நிபுணர் தணிகாசலம்.

செல்லாயி நீதிபதியைக் கும்பிட்டாள். "ஐயா, அந்த ரேகையை இங்கேயே இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்க."

தணிகாசலம் சிரித்தபடி அவள் விரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தினார். கோடே இல்லாத கறுப்புத் திட்டு விழுந்தது. மறுபடி அழுத்தினார். அதே திட்டு.

"இருபது வருஷமா முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டு ரேகையெல்லாம் வெந்துபோச்சு சார். ரேஷன் கடை மெஷின்கூட என் கையை ஏத்துக்காது. உங்ககிட்ட இருக்கிற ரேகையைக் கொடுங்க, மாசாமாசம் அரிசியாவது வாங்கிக்கிறேன்."

நீதிபதி சிரிப்பை அடக்கிக்கொண்டு விடுதலை எழுதினார். செல்லாயி மத்தியான பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டாள்.