டொக் டொக்கும் டணாரும்

குளக்கரை இலுப்பை மரத்தில் கொண்டையன் என்ற மரங்கொத்தி இருந்தது. பொழுது விடிந்தால் போதும், டொக் டொக் டொக்! புழு அகப்பட்டாலும் டொக், அகப்படாவிட்டாலும் டொக். மரத்தடி வளையில் இருந்த முயல்கள் பிறந்த நாள் முதல் அதைக் கேட்டே வளர்ந்தன.

ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு நரியின் காலடித் தடம் தெரிந்தது. முயல்களுக்குக் கதி கலங்கிவிட்டது.

“கவலையை விடுங்கள்! உச்சிக் கிளையிலிருந்து நான் காவல் காக்கிறேன். இனி இரையை வேறு மரத்தில் தேடிக்கொள்கிறேன். இந்த மரத்தில் டொக் டொக் கேட்டால் நரி வருகிறது என்று அர்த்தம். ஓடி ஒளிந்துவிடுங்கள்!” என்றது கொண்டையன்.

“ஆகட்டும் அண்ணே!” என்று காதை ஆட்டியது முயல்களின் தலைவி வெள்ளாயி.

சொன்னபடியே கொண்டையன் ஒரு வாரம் அந்த மரத்தில் அலகை வைக்கவில்லை. அந்த வாரத்தில்தான் புள்ளி என்ற கௌதாரி அங்கே குடிவந்தது. அதற்கும் முயல்கள் விஷயத்தைச் சொல்லிவைத்தன.

நரி வந்தது. டொக் டொக் டொக்!

புள்ளி புதருக்குள் பாய்ந்தது. முயல்களோ ஆற அமரப் புல்லை மென்றன! கொண்டையன் பறந்து வந்து வெள்ளாயியின் முதுகில் நறுக்கென்று கொத்தியது. அப்புறம்தான் எல்லாம் விழுந்தடித்து ஓடின. வெள்ளாயியின் வால் மயிர் நரியின் வாயோடு போயிற்று.

“காது செவிடா உங்களுக்கு?”

“காதில் விழுந்தது அண்ணே, மண்டையில் ஏறவில்லை!”

மறுநாள் கொண்டையன் பாடமே நடத்தியது. பத்து முறை தட்டினால் ஏழு முறை முயல்கள் அசையவில்லை. புள்ளி மட்டும் ஒவ்வொரு தடவையும் ஓடியது.

“நேற்று வந்த உனக்குப் புரிகிறது, இவர்களுக்கு ஏன் புரியவில்லை?”

“நான் அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டதே நரியோடுதான். இவர்கள் இத்தனை காலமும் சும்மாவே கேட்டவர்கள் ஆயிற்றே!”

கொண்டையனுக்குத் தன் சத்தத்தின் மேல் ஏகப்பட்ட பெருமை. அதை விட மனசு வரவில்லை. ஆனால் வெள்ளாயியின் மொட்டை வாலைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது. எப்போதோ காற்று அடித்து வந்து கிளையில் மாட்டியிருந்த பழைய தகரத்தை ஓங்கி ஒரு கொத்து கொத்தியது.

டணார்!

முயல்கள் ஒரு முழம் எகிறிக் குதித்தன.

“இனிமேல் நரிக்கு இதுதான்!” என்றது கொண்டையன்.

அன்று மாலையே நரி வந்தது. டணார்! கண் மூடித் திறப்பதற்குள் வெளியே ஒரு முயல் இல்லை. நரி வெறும் புல்லை மோந்து பார்த்துவிட்டு, வேறு காட்டுக்கு நடையைக் கட்டியது.

அப்புறம் என்ன, ஒரே கும்மாளம்! “அண்ணே, தகரத்தைத் தட்டு, ஆடுகிறோம்!” என்றது வெள்ளாயி.

“ஐயோ, அதை மட்டும் கேட்காதே! சும்மா தட்டினால் அதுவும் டொக் டொக் ஆகிவிடும்!”

கொண்டையன் மரத்திலேயே தாளம் போட்டது. டொக் டொக் டொக்! மொட்டை வாலை ஆட்டி ஆட்டி வெள்ளாயி ஆடியது.

சும்மா கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தத்தில் புதுப் பாடம் எளிதில் ஏறாது. ஆகவே முக்கியமான சேதிக்கென்று ஒரு புதுச் சத்தத்தை வீணாக்காமல் வைத்திருக்க வேண்டும்.