ராசியான அரிவாள்

ஒரு ஊரில் ஒரு மாமரம் நின்றது. அது நின்ற இடத்தைக் கோமதிநாயகம் என்பவர் வாங்கி வீடு கட்டினார். மரத்துக்கு அது ஒன்றும் குறையாகப் படவில்லை. வீட்டுக்கு நிழல் கொடுத்தது, வருடம் தவறாமல் காய்த்தது. கோமதிநாயகத்தின் மனைவி வடிவு அரிசி களைந்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதன் அடியில்தான் ஊற்றுவாள். இரண்டு பக்கமும் கணக்கு வைக்காத உறவு அது.

பிறகு கோமதிநாயகம் கார் வாங்கினார். காரிலிருந்து இறங்கினால் காலில் மண் ஒட்டக் கூடாது என்று முற்றம் முழுவதும் பேவர் கல் பதிக்கச் சொன்னார்.

வேலைக்கு வந்த கொத்தனார், "மரத்தச் சுத்தி வட்டமாக் கொஞ்சம் மண்ணு விட்டுரட்டா?" என்று கேட்டார்.

"மண்ண விட்டா சேறு வரும்லா. ஒட்டிப் போடும்," என்றார் கோமதிநாயகம்.

கொத்தனார் ஒட்டியே போட்டார். இடுக்கெல்லாம் சிமெண்டை வைத்து அடைத்தார். சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்கிறவர்களால் இந்த உலகத்தில் நடந்திருக்கும் கேடு கொஞ்சநஞ்சமில்லை.

முதல் வருடம் காய் குறைந்தது. இரண்டாம் வருடம் உச்சிக் கிளை மொட்டையாயிற்று. மூன்றாம் வருடம் பூவே இல்லை.

"கொஞ்சம் விலகிக் கொடேன்," என்று மரம் கல் தளத்திடம் கேட்டது.

"விலகுவதற்கா என்னைப் பதித்தார்கள்? விழுகிற தண்ணீரையெல்லாம் ஒரு சொட்டு தங்காமல் தெருவுக்கு அனுப்புவது என் வேலை. போன மழையில் தெருவே என்னை மெச்சியது," என்றது தளம்.

"மழை பெய்யும்போது எனக்கு மேலே சத்தம் கேட்கிறது. கீழே ஒன்றும் வரவில்லை."

"சத்தமாவது கேட்கிறதே," என்றது தளம்.

புரட்டாசி மாதம் ஒரு காலையில் மரத்தை என்ன செய்வது என்று முற்றத்தில் பேச்சு வந்தது. கோமதிநாயகம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெட்டிட்டு அந்த எடத்துல கார் ஷெட் போட்டுரலாம்னு பாக்கேன்," என்றார்.

"அதுக்கு ஒண்ணும் வயசாயிரல. தாகம்ங்க. சுத்தி ஒரு ஆறு கல்ல மட்டும் எடுத்துட்டுத் தண்ணி ஊத்திப் பாப்போமே," என்றாள் வடிவு.

"கல்ல எடுத்தா தளம் அசிங்கமாப் போயிரும்."

அந்த நேரம் பார்த்துச் சுடலைக்கண்ணு வந்து சேர்ந்தார். கோமதிநாயகத்தின் அக்காள் கணவர். எதற்கும் முறை தெரிந்தவர் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவர். அந்தப் பெயரைக் காப்பாற்றவே பாதி நாள் அலைகிறவர்.

"வெட்டவும் வேண்டாம், கல்ல எடுக்கவும் வேண்டாம். மரம் சோம்பிப் போயிட்டு மாப்ள. மிரட்டணும்," என்றார் அவர். "நீரு அருவாள ஓங்கி வெட்டப் போறேன்னு சொல்லணும். தங்கச்சி குறுக்க வந்து, வெட்டாதீங்க, வாற சித்திரையில காய்க்கும்னு சொல்லணும். மூணு தடவ. தடவைக்கு ஒரு வெட்டு. அப்புறம் பழைய செருப்பையும் வெளக்கமாத்தையும் கட்டித் தொங்க விட்டுட்டா, ரோசம் வந்து காய்ச்சிரும்."

"சித்திரையிலயும் காய்க்கலன்னா, அத்தான்?"

"சொன்ன சொல்லக் காப்பாத்தணும்லா. வெட்டிர வேண்டியதுதான்."

பின்கட்டில் விறகு பிளந்துகொண்டிருந்த அரிவாளைச் சாணை பிடித்து எடுத்து வந்தார்கள்.

"பயப்படாதே, நாடகம்தான்," என்றது அரிவாள் மரத்திடம்.

"நாடகத்துக்கு உன் வாய் ஏன் இவ்வளவு பளபளக்கிறது?" என்று கேட்டது மரம்.

அரிவாளுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கோமதிநாயகம் ஓங்கினார். "வெட்டப் போறேன்."

வடிவு குறுக்கே வந்தாள். "வெட்டாதீங்க. வாற சித்திரையில காய்க்கும்." சொன்னவள் அதோடு நிற்கவில்லை. "நான் ஆறு கல்ல எடுத்துட்டுத் தண்ணி ஊத்துதேன்," என்று சேர்த்துச் சொன்னாள்.

சுடலைக்கண்ணு பதறிப்போனார். "அதச் சொல்லக் கூடாது தங்கச்சி. எரக்கம் காட்டினா மரத்துக்குப் பயம் விட்டுப் போயிரும். சொல்லிக் குடுத்தத மட்டும் சொல்லு."

அவள் சொல்லிக் கொடுத்ததை மட்டும் இன்னும் இரண்டு முறை சொன்னாள். கடைசி முறை தொண்டை அடைத்துக்கொண்டது.

மூன்று வெட்டும் விழுந்தன. மாமரத்தைக் கீறினால் பால் கசியும். அரிவாளுக்கு அது தெரியும். மூன்று வெட்டிலும் அதன் வாய் காய்ந்தே வெளியே வந்தது. "இது சோம்பல் இல்லை, வறட்சி," என்று அது கத்திச் சொன்னது. மனிதர்களுக்கு 'ணங்' என்று மட்டும் கேட்டது. நல்ல கனமான வெட்டு என்று சுடலைக்கண்ணு பாராட்டினார்.

ஒரு கிளையில் செருப்பும் விளக்குமாறும் தொங்கின. பயம் தெளியாமல் இருக்கட்டும் என்று அரிவாளையும் கவட்டையில் செருகி வைத்துவிட்டுப் போனார்கள்.

"வெட்கமாக இல்லையா உனக்கு? காய்க்காமல் நிற்கிறாயே," என்று ஏசியது செருப்பு.

"உன் வார் எப்போது அறுந்தது?" என்று கேட்டது அரிவாள்.

"போன தை மாதம்."

"அதற்குமுன் எத்தனை வருடம் அவரைச் சுமந்தாய்?"

பாதி ஈர்க்கு உதிர்ந்துபோன விளக்குமாறு குறுக்கே புகுந்து, "நாங்களெல்லாம் உழைத்துத் தேய்ந்தவர்கள், இதுபோலச் சும்மா நிற்கவில்லை," என்று முனகியது. தூக்கி எறியப்பட்டவர்களைக் கொண்டே அடுத்தவரை அவமானப்படுத்துவதில் மனிதர்களுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு.

ஒருநாள் கோமதிநாயகம் வெளியே போயிருந்தபோது வடிவு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். மூச்சு வாங்க வாங்க நெம்பினாள். ஒரு கல்லின் மூலை ஒரு விரல் உயரம் எழும்பியது. கீழே இருந்த வேர் வெளிச்சத்தை உணர்ந்து சிலிர்த்தது. அதற்குள் கார் வந்து நின்றுவிட்டது.

"ஏட்டி, கிறுக்குப் பிடிச்சிருக்கா? அதான் மிரட்டி வச்சிருக்கோம்லா," என்று சொல்லி, எழும்பிய மூலையைச் செருப்புக் காலாலேயே மிதித்து அமர்த்தினார் கோமதிநாயகம். கடப்பாரையைக் கொண்டுபோய் மச்சில் போட்டுவிட்டார். வடிவு குடத்துத் தண்ணீரைக் கல்லின் மேலேயே கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். தளம் அதைச் சிந்தாமல் சிதறாமல் தெருவில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஐப்பசி மழையில் அரிவாள் துருப்பிடித்தது. மார்கழியில் மரம் அதனிடம் பேசியது.

"என்னிடம் இனி இருப்பது கொஞ்சம்தான். அதை வேருக்குக் கொடுத்தால், மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடுகிற சாக்கடை வரை ஒரு வேரை நீட்டிவிடுவேன். பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வருடம் பூக்க முடியாது."

"பூக்காவிட்டால் வெட்டுவார்கள்."

"பூவுக்குக் கொடுத்தால் காய்ப்பேன், வெட்டமாட்டார்கள். ஆனால் அதன்பிறகு என்னிடம் ஒன்றும் இருக்காது. பட்டுப்போவேன்."

அரிவாள் யோசித்தது. பிறந்ததிலிருந்து வெட்டியே பழகியதற்கு யோசனை சொல்வது கஷ்டமாக இருந்தது. "வேருக்கே கொடு," என்றது கடைசியில். "நான் துருவேறிக் கிடக்கிறேன். என்னால் உன்னை வெட்ட முடியாது."

"உன்னைச் சாணை பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"கால் மணி நேரம் போதும்," என்று ஒப்புக்கொண்டது அரிவாள்.

"அதோடு அந்த அம்மாள் எனக்காக ஒரு சொல் சொல்லிவிட்டாள்," என்றது மரம். "சித்திரையில் காய்க்கும் என்று."

"பைத்தியமே, அது சொல்லிக் கொடுத்துச் சொன்ன சொல்."

"சொல் சொல்லிக் கொடுத்ததுதான். தொண்டை அடைத்ததே, அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?"

தை மாதம் மரம் பூத்தது. இதுவரை அந்த முற்றம் காணாத பூ. மொட்டையாய் நின்ற உச்சிக் கிளைக்குக் கீழே, அடிமரத்தின் தடித்த பட்டையில்கூடப் பூங்கொத்து பிதுங்கி வந்தது. ஒரு இலைகூடப் புதிதாகத் துளிர்க்கவில்லை. அதை யார் பார்த்தார்கள்?

சித்திரையில் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. பழம் சின்னதாக இருந்தாலும் இனிப்பு நாக்கில் ஒட்டியது. சுடலைக்கண்ணு வீடு வீடாகப் போய் முறையை விளக்கினார். என்னைக் கட்டியதால்தான் என்று செருப்பு சொன்னது, என்னால்தான் என்று விளக்குமாறு சொன்னது. விழுந்த பழத்தில் ஒன்றுகூட மண்ணாகவில்லை, அது என் புண்ணியம் என்று தளமும் பங்கு கேட்டது. கோமதிநாயகம் அரிவாளை இறக்கி, துருவைத் தேய்த்து, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். அடுத்த தெருவில் ஒரு எலுமிச்சைக்கும் கோயில் பக்கம் ஒரு பலாவுக்கும் அதை இரவல் வாங்கிக்கொண்டு போனார்கள். ராசியான அரிவாள் என்று ஊரில் பெயராகிவிட்டது. போன இடத்திலெல்லாம் அது உண்மையைச் சொல்லிப் பார்த்தது. எல்லோருக்கும் 'ணங்' என்றுதான் கேட்டது.

"பழத்தையே பாக்கீகளே, எலையப் பாத்தீகளா?" என்று வடிவு புருஷனிடம் கேட்டாள்.

"எலையவா திங்கப் போறோம்?" என்றார் அவர், கொட்டையைச் சப்பிக்கொண்டே.

கடைசிப் பழம் விழுந்ததும் மரம் ஓய்ந்தது. ஆடிக் காற்றில் இலைகள் மொத்தமாகக் கொட்டின. மரம் களைத்திருக்கிறது, அப்புறம் துளிர்க்கும் என்றார் சுடலைக்கண்ணு. ஆவணியில் பட்டை உரிந்தது. புரட்டாசியில் கோமதிநாயகம் ஆளுக்குச் சொல்லி அனுப்பினார்.

மரம் அறுக்கும் செல்லையா மெஷினோடு வந்தார். அறுத்து முடித்து, வேரைத் தோண்டுவதற்காகச் சுற்றிலும் இருந்த கல்லைப் பெயர்த்தார். ஆறு கல்லையும் எடுக்க அவருக்கு ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட ஆகவில்லை.

செல்லையா மண்ணை ஒரு பிடி அள்ளிக் காட்டினார். சுண்ணாம்புப் பொடி மாதிரி விரலிடுக்கில் ஓடியது. "இது தவிச்சுச் செத்த மரம்லா, அண்ணாச்சி. கடைசியில நெறைய காய்ச்சுதா?"

"காய்ச்சது. கொத்துக் கொத்தாக் காய்ச்சது," என்றார் கோமதிநாயகம்.

"அது காய்ப்பு இல்ல. சாகப் போற மரம், போறதுக்கு முன்னால வெதையவாவது விட்டுட்டுப் போவோம்னு இருக்கத எல்லாம் கொட்டிரும்."

கோமதிநாயகத்தின் முகம் வாடியது. மரம் நின்ற பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிடம் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கக் கூடும். ஆனால் பக்கத்தில் சுடலைக்கண்ணு இருந்தார்.

"பாத்தீரா மாப்ள, சாகக் கெடந்த மரத்தையே காய்க்க வச்சிருக்கோம். நாம மிரட்டலன்னா அந்தப் பழமும் இல்ல," என்றார் அவர்.

கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது. "அது வாஸ்தவந்தான், அத்தான்," என்றார்.

வடிவுக்கு அடக்க முடியவில்லை. சுடலைக்கண்ணுவிடம் திரும்பினாள். "இந்த ஆறு கல்ல அன்னைக்கே எடுத்துட்டு ஆளுக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்தியிருந்தா, இன்னும் இருவது வருசம் நின்னு காய்ச்சிருக்கும் அண்ணாச்சி."

சுடலைக்கண்ணு கோபப்படவில்லை. விவரம் தெரியாதவளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல நிதானமாகவே சொன்னார்.

"அத எப்படித் தங்கச்சி சொல்ல முடியும்? மிரட்டினோம், காய்ச்சது, ஊரே கண்ணால கண்டது. தண்ணி ஊத்தி யாரு பாத்தா?"