பக்கத்து வீட்டுச் சூரியன்

நார்வே நாட்டின் வடகோடியில், உலகப் படத்தில் காகிதம் தீர்ந்துபோகிற இடத்தில், ஒரு ஊர் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாது. பகலில் கொஞ்ச நேரம் வானம் வெளுத்த மாதிரி இருக்கும், பிறகு பழையபடி இருட்டிவிடும். அந்த ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூட இது தெரியும். மீன் கம்பெனி வேலைக்கு வந்து சேர்ந்த கோமதிநாயகத்துக்கும் அவன் புது மனைவி உலகம்மைக்கும் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வந்தது டிசம்பரில். எப்போது கண் விழித்தாலும் வெளியே இருட்டாக இருந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் ரொம்பச் சுறுசுறுப்பாயிட்டேம்மா. தினமும் விடியதுக்கு முன்னாலயே முழிச்சிருதேன்" என்று நாயகம் திருநெல்வேலிக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னான். மத்தியானம் வரை தூங்கிய அன்றும் அதையே சொன்னான்.

கூடவே பேச்சிமுத்து இருந்தான். நாயகத்தின் சித்தப்பா மகன். அதே கம்பெனி, அதே வீட்டில் மாடி அறை, மூளையும் அதே அளவு.

பொங்கல் நெருங்கியது. உலகம்மைக்குத் தலைப்பொங்கல். சீராக வந்த வெண்கலப் பானையை அவள் விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாள். மாமியார் பிச்சம்மாள் போனில் கட்டளைகளை அடுக்கினாள்.

"ஏட்டி, கவனமாக் கேட்டுக்கோ. பொங்கலுக்கு முந்துன நாளு வீட்ல உள்ள பழசையெல்லாம் கழிச்சிரணும். பொங்கல வாசல்லதான் வைக்கணும், உள்ள வச்சா அது வெறுஞ்சோறு. சூரியன் உதிக்க பக்கமாப் பாத்து நின்னு, அவருக்குக் காட்டிட்டுத்தான் சாப்பிடணும். அதுவரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாது. தலைப்பொங்கல்ல தப்பு நடந்துதுன்னா நான் சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். எல்லாம் முடிஞ்சப்புறம் போன் பண்ணு. நடுவுல கூப்பிடாத, எனக்கு இங்க ஆயிரம் சோலி கிடக்கு."

சொன்னதைச் செய்கிறவள்தான் பிச்சம்மாள். பாவம், அன்று ராத்திரி உலகம்மை சரியாகத் தூங்கக்கூட இல்லை.

முந்தின நாள் பழசைக் கழிக்க உட்கார்ந்தார்கள். வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் பழசு என்று எதுவுமே இல்லை.

"இந்தக் குளிர்ச் சட்டை எங்க வாங்குனது?" என்று கேட்டாள் உலகம்மை.

"பழைய துணிக் கடையில."

"அப்போ வாங்கும்போதே பழசு."

"கையுறை, பூட்ஸ், குல்லா எல்லாம் அதே கடைதான் மதினி" என்றான் பேச்சிமுத்து. "அம்புட்டும் பழசுதான்."

இவ்வளவு பழசோடு இத்தனை நாள் வாழ்ந்திருக்கிறோமே என்று மூவரும் வெட்கப்பட்டார்கள். குப்பை வண்டி வந்தபோது மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்தார்கள். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் இவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் இவர்களிடம் மிச்சம் இருந்தது பட்டு வேட்டியும் பட்டுச் சேலையும் ரப்பர் செருப்பும் மட்டும். மேலே ஆளுக்கொரு பஞ்சு மெத்தைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள்.

உலகம்மை முதலில் கோலம் போட்டாள். அரிசிமாவில் பெரிய தேர்க்கோலம். போட்டு முடித்து நிமிர்ந்தாள்.

"எப்ப போடப்போற?" என்றான் நாயகம்.

வெள்ளைப் பனியில் வெள்ளை மாவு. தேரும் இல்லை, வடமும் இல்லை. பேச்சிமுத்து குனிந்து, நிமிர்ந்து, நெடுநேரம் யோசித்தான்.

"மதினி, ஊர் பூராவும் மாவு போட்டாச்சு. எவனோ நமக்கு முந்தி எந்திரிச்சு, கோட்டுக்கு இடமே விடாமப் போட்டிருக்கான்."

"சரி, அப்ப கோலம் ஆச்சு" என்றான் நாயகம். அடுப்பு வேலை தொடங்கியது.

செங்கல் வைத்து, விறகு அடுக்கி, பானையை ஏற்றித் தீ மூட்டினார்கள். தீ எரிந்தது, பனி உருகியது, அடுப்பு இறங்கியது. இன்னும் கொஞ்சம் விறகு வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் இறங்கியது. பால் பொங்குகிற நேரத்தில் பானை இவர்கள் காலடிக்கும் கீழே, கழுத்தளவு ஆழத்துக்குப் போய்விட்டது.

"பால் மேல வருது, பானை கீழ போவுது. இதப் பொங்குச்சுன்னு கணக்கு வைக்கலாமா கூடாதா?" என்று கவலையோடு கேட்டாள் உலகம்மை.

நாயகம் தாடையைத் தடவினான். "நாமளும் பள்ளத்துல இறங்கிருவோம். அப்போ பானைக்கு நேரா நிப்போம். சரியாயிரும்."

மூன்று பேரும் பள்ளத்தில் இறங்கி, "பொங்கலோ பொங்கல்!" என்று கூவினார்கள். வெளியே இருந்து பார்த்தால் மூன்று தலை மட்டும் தெரிந்தது.

இனி சூரியனுக்குக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. பானையைச் சுமந்து மேலே கொண்டுவந்தார்கள். சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும்? வந்ததிலிருந்து ஒருவரும் பார்த்ததில்லை.

"பார்த்திருக்க முடியாதுல்லா? நாமதான் தினமும் அவருக்கு முந்தியே எந்திரிச்சிருதோமே" என்றான் நாயகம்.

பானையை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கமாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். யார் பக்கம் வந்தாலும் சத்தம் கொடுப்பது என்று ஏற்பாடு. நாலாவது பக்கத்துக்கு ஆள் இல்லை. அந்தப் பக்கம் வரமாட்டார் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

வானம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு இருட்டியது. பொங்கி வழிந்த பால் பானையின் விளிம்பில் உறைந்து தொங்கியது. பேச்சிமுத்துவின் பற்கள் தாளம் போட்டன. உலகம்மைக்குப் பசியில் கண் இருட்டியது. அது கண்ணா ஊரா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"ஏங்க, அவரு வராமலே போயிட்டாருன்னா அத்தைகிட்ட என்ன சொல்ல?" என்று அழ ஆரம்பித்தாள். கண்ணீர் கன்னத்தைத் தாண்டவில்லை, பாதியிலேயே உறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டு சிக்ரித் அம்மா ஜன்னல் வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக இருக்கிற, நல்ல மனசுக்காரர். யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார்.

"எதற்காக இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

"சூரியனுக்காகக் காத்திருக்கோம்."

"நாங்களும்தான். ஊரே காத்திருக்கிறது" என்றார் சிக்ரித் அம்மா.

பேச்சிமுத்து நாயகத்தின் காதில் சொன்னான்: "அண்ணே, பாவம், ஊரே சாப்பிடாம கிடக்கு."

சூரியன் வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம் என்று இவர்கள் சொன்னதும் அந்த அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வர இன்னும் ஒரு வாரம் ஆகுமே! உள்ளே ஓடினார். இருட்டில் மனசு சோர்ந்துபோகாமல் இருக்க அந்த ஊர்க்காரர்கள் காலையில் முகத்துக்கு எதிரே ஒரு விளக்கை வைத்துக்கொள்வார்கள். வட்டமாக, தாம்பாளம் மாதிரி இருக்கும். அதை எடுத்து வந்து, நீள வயரைத் தன் வீட்டு ஜன்னல் வழியாக இழுத்தார்.

"இந்தாருங்கள், எங்கள் வீட்டுச் சூரியன்" என்று சிரித்தார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு. இவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"ஏழு குதிரை பூட்டின தேர்ல வருவாருன்னுல்லா சொல்லுவாங்க. வயரு இருக்கே?" என்றாள் உலகம்மை.

"இந்தக் குளிருக்குக் குதிரை தாங்குமா?" என்றான் நாயகம். "அதான் வயரு."

பேச்சிமுத்து ஸ்விட்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உதயமாக்கினான். பளீரென்று வெளிச்சம். மூவரும் சாஷ்டாங்கமாக விழுந்தார்கள். நாயகத்தின் வேட்டி பனியில் ஒட்டிக்கொண்டதால் அவன் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமானது. அப்புறம் பொங்கலைச் சுத்தியலால் உடைத்து, நாலு பேரும் கடித்துச் சாப்பிட்டார்கள்.

உலகம்மை மாமியாருக்குப் போன் போட்டாள்.

"சூரியன் வந்தாரா?" என்றாள் பிச்சம்மாள்.

"வந்தாரு அத்தை. பக்கத்து வீட்டம்மா கொண்டாந்து குடுத்தாங்க. காட்டிட்டுத் திருப்பிக் குடுத்தாச்சு."

"அணைச்சுக் குடுத்தியா?" என்றாள் பிச்சம்மாள்.

நாயகம் யாருடைய பிள்ளை என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

"அணைச்சுத்தான் குடுத்தோம் அத்தை."

"அப்ப சரி. கெட்டிக்காரிதான் நீ. அடுத்தவங்க பொருள எரியவிட்டு வேடிக்கை பாக்கக்கூடாது. எங்க சும்மா எரிஞ்சாலும் ஓடிப்போய் அணைச்சிரணும், கேட்டியா?"

உலகம்மை சந்தோஷத்தில் குதித்தாள். மாமியார் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டாள்! இனி அவள் வாக்கை மீறுவதா?

ஒரு வாரம் கழித்து ஊர்க்காரர்கள் எல்லாரும் இனிப்பு பன்னோடு மைதானத்தில் கூடினார்கள். மலை முகட்டில் சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் கத்தினார்கள், பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இவர்கள் மூவரும் பதறிப்போனார்கள்.

"ஐயோ, யாரோ சூரியன மலை மேல வச்சு அணைக்காமப் போயிட்டாங்க!" என்றாள் உலகம்மை.

மூவரும் போர்வையைச் சுற்றிக்கொண்டு மலையில் ஏறினார்கள். பாதி ஏறுவதற்குள் அது முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

"எவனோ முந்திக்கிட்டான் அண்ணே" என்றான் பேச்சிமுத்து மூச்சிரைக்க.

"பொறுப்பான ஊரு" என்றான் நாயகம்.

ஆனால் மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கூடுதல் நேரம். தினமும் ஏறினார்கள், தினமும் யாரோ முந்திக்கொண்டார்கள். கோடை வந்தது. அந்த ஊரில் கோடையில் ராத்திரியிலும் சூரியன் மறையாது.

உலகம்மை மாமியாரைக் கூப்பிட்டாள். "அத்தை, ஸ்விட்சு கெட்டுப்போச்சு. இப்ப ராவும் பகலும் எரியுது."

"கரண்டு வேலைக்காரனக் கூப்பிட்டியாட்டி?"

"கூப்பிட்டோம் அத்தை. நம்ம திருநெல்வேலிக்காரருதான், புதுசா வேலைக்கு வந்திருக்காரு. நல்லா அண்ணாந்து பாத்தாரு. வேலை பெருசில்லையாம். சூடா இருக்குறப்ப கை வைக்க முடியாதாம், அது ஆறட்டும்னு கீழ உக்காந்திருக்காரு."