எழுந்து போகாத ஆமைக்குட்டி

செம்பாறைக் காட்டில் ஒரு குளம் இருந்தது. குளக்கரை மருதமரத்தடியில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. வாத்தியார் ஒரு நாரை. மணி அடிப்பது ஒரு மரங்கொத்தி.

நாரை வாத்தியார் ஒற்றைக் காலில் நின்றபடி நாள் முழுக்கப் பாடம் நடத்துவார். காலையில் தமிழ், அடுத்து கணக்கு, அதன்பின் அறிவியல், சாப்பிட்டு வந்தால் சமூகப் பாடம், கடைசி மணி விளையாட்டு. பாவம், அவர் குறையில்லாமல்தான் நடத்தினார். கேட்கத்தான் ஆளில்லை.

ஏனென்றால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் குலத்துக்கு எது உதவுமோ, அந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளையை அனுப்புவார்கள்.

"மைனாவுக்கு வாய்தானே சொத்து? தமிழ் போதும்!" என்றார்கள் மைனா வீட்டில். அவர்கள் மகள் பேச்சி, தமிழ் முடிந்ததும் பறந்துவிடுவாள்.

"கொட்டையை எண்ணத் தெரிஞ்சா போதாதா? மத்ததெல்லாம் வெட்டி வேலை!" என்றாள் அணில் அம்மா. அவள் மகன் கொறியன், கணக்கு மணிக்கு வருவான், கணக்கோடு கிளம்பிவிடுவான்.

முயல்குட்டி பாய்ச்சானோ விளையாட்டு மணிக்கு மட்டும் வருவான். அதற்கும் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்து நிற்பான்!

நட்சத்திர ஆமை வீட்டுப் பெண் பூரணி. ஓடு நிறைய மஞ்சள் கோடுகள். அந்தக் காட்டில் ஆமை என்றால் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அவள் அம்மாவும் ஊரோடு ஒத்துப்போய், "தமிழ் மட்டும் கேட்டுட்டு வந்துடும்மா" என்றுதான் சொல்லி அனுப்பினாள்.

முதல் நாள் தமிழ் முடிந்ததும் பூரணி வீட்டுக்குக் கிளம்பினாள். நடந்தாள், நடந்தாள். மருதமரத்து வேரைத் தாண்டுவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது! அடுத்த கல்லைத் தாண்டுவதற்குள் அறிவியலும் முடிந்துவிட்டது. அதற்குள் உச்சி வெயில் ஏறி, ஓடு தோசைக்கல்லாய்க் காய்ந்தது. திரும்பி நிழலுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் அவள் கிளம்பவே இல்லை. 'வெயில் தாழ்ந்து போய்க்கொள்ளலாம்' என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் பாடம் காதில் விழத்தானே செய்யும்? விழுந்தது. பிடித்தும் போயிற்று.

"எல்லாப் பாடமும் படிச்சு ஆமை என்ன கலெக்டராகவா போகுது?" என்று அணில் அம்மா கிளையிலிருந்து சிரித்தாள். பூரணிக்கு ரோஷமாக இருந்தது. தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். காதை மட்டும் மூடவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. குளம் வற்றி, நடுவில் ஒரு சேற்றுக் குட்டையாய்ச் சுருங்கியது. நாரை வாத்தியார் தண்ணீர் தேடிப் பறந்து போனார். நாலாம் நாள் ஒரு கொக்கு, வாயில் கவ்வி வந்த பனை ஓலையைப் போட்டுவிட்டுப் போனது.

காட்டெருமைப் பெரியப்பா எல்லாரையும் கூட்டினார். "தண்ணி இருக்கிற இடத்தை வாத்தியார் எழுதி அனுப்பியிருக்கார். நாளைக்கு விடியறப்போ கிளம்பறோம்! யார் யார் வர்றீங்க?"

"எல்லாரும்தான்!" என்றாள் அணில் அம்மா. பிறகு ஆமைகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஆமைங்களைக் கூட்டிட்டுப் போனா, நாம போய்ச் சேர அடுத்த மழையே வந்துடுமே, பெரியப்பா."

காட்டெருமை தர்மசங்கடமாகக் காதை ஆட்டினார். "ஆமைங்க பாறை இடுக்கிலேயே இருக்கட்டும். மழை வந்தா பிழைச்சுக்குவாங்க" என்றார் கடைசியில். மழை வராவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

பூரணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அவள் பக்கத்தில் வந்து ஓட்டோடு ஓடு ஒட்டி நின்றாள்.

"சரி, ஓலையைப் படி பேச்சி!" என்றார் காட்டெருமை.

பேச்சி கணீரென்று படித்தாள். "மேற்கே நடந்து வாருங்கள். பிளந்த பாறை வந்ததும் தெற்கே திரும்புங்கள். மொத்தம் மூன்று பகல். வழியில் இரை இல்லை, கையோடு கொண்டு வாருங்கள். பெரிய ஏரி. துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்; நான் நகர்ந்தால் இடம் போய்விடும்!"

"அருமை! மேற்குன்னா எது?" என்று கேட்டார் காட்டெருமை.

பேச்சி விழித்தாள். "அது... எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா?"

"எனக்குத் தெரியும்!" என்று பாய்ச்சான் ஒரு பக்கமாய் ஓடினான். சற்று நேரத்தில் முள் குத்திய காலோடு நொண்டிக்கொண்டே திரும்பினான்.

"மூணு பகலுக்கு ஒருத்தருக்கு எத்தனை கொட்டைன்னு நான் சொல்லிடுவேன்" என்றான் கொறியன். "ஆனா மேற்கை எதால வகுக்கணும்?"

ஓலை கையில் இருக்கிறது, வழி தெரியவில்லை! குட்டிகள் தாகத்தில் அழ ஆரம்பித்தன. 'நம்மை விட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும்?' என்று பூரணிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் அழுகிற குட்டிகளைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க அவளால் முடியவில்லை. தலையை வெளியே நீட்டினாள்.

"காலையில சூரியனைப் பார்த்து நில்லுங்க, பெரியப்பா. முதுகுக்குப் பின்னால இருக்கிறது மேற்கு. வலது கைப்பக்கம் தெற்கு. சமூகப் பாடத்துல சார் சொன்னார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காட்டெருமைக்கு வெட்கமாகிவிட்டது. கனத்த முட்டிகளை மடித்து அவள் முன்னால் உட்கார்ந்தார். "ஏறும்மா என் முதுகில!"

"அம்மா வந்தால்தான் நானும் வருவேன்."

"ரெண்டு பேரும் ஏறுங்க! எனக்கு இது ஒரு பாரமா?"

கொடியால் இருவரையும் முதுகில் கட்டினார்கள். கொறியன் கணக்குப் போட்டுக் கொடுத்தபடி ஆளுக்கு இவ்வளவு என்று இரை கட்டினார்கள். விடிந்ததும் பயணம் புறப்பட்டது.

அன்று மாலையே பிளந்த பாறை வந்தது. "வலது பக்கம்தானே தெற்கு!" என்று பாய்ச்சான் வலப்புறம் தாவினான்.

"நில்லு, நில்லு!" என்று கத்தினாள் பூரணி. "அது சூரியன் உதிக்கிற பக்கம் பார்த்து நின்னா! நாம இப்போ மேற்கே பார்த்து நிக்கிறோம். இடது பக்கம் திரும்பு!"

மறுநாள் ஒரு குட்டை எதிர்ப்பட்டது. தண்ணீர் தெளிந்து பளபளத்தது. அணில் அம்மா எல்லாருக்கும் முன்னால் ஓடிப்போய்க் குனிந்தாள்.

"அத்தை, குடிக்காதீங்க!" என்றாள் பூரணி மேலேயிருந்து. "தவளைச் சத்தமே இல்லை. தட்டான் இல்லை, மீன் இல்லை. ஒரு பூச்சிகூட வாழாத தண்ணியில வாய் வைக்கக்கூடாதுன்னு அறிவியல்ல வருது!"

அணில் அம்மா எதிர்க்கரையைப் பார்த்தாள். அங்கே நாலைந்து மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. அவள் வாலைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். அதற்கப்புறம் வழி முழுக்க அவள் வாயைத் திறக்கவே இல்லை. அது அவளுக்குச் சாதாரண விஷயமல்ல!

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது ஏரி தெரிந்தது. கரை கொள்ளாத தண்ணீர்! ஒரு புன்னை மரத்தடியில் நாரை வாத்தியார் ஒற்றைக் காலில் நின்று இடத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் வயிறு குளிரக் குடித்தார்கள்.

"நல்லபடியா வந்துட்டீங்களே! வழி சொன்னது யாரு?" என்று கேட்டார் வாத்தியார்.

"ஓலை படிச்சது பேச்சி. இரை பிரிச்சது கொறியன். ஆனா எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது இவதான், சார்!" என்று காட்டெருமை முதுகைக் குலுக்கிக் காட்டினார்.

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாப் பாடமும் ஆசையா உட்கார்ந்து கேட்ட பிள்ளையாச்சே!"

பூரணி நெளிந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. "ஆசை அப்புறம்தான் சார் வந்துச்சு. முதல்ல உட்கார்ந்தது, வீட்டுக்கு நடக்க முடியாமத்தான்!"

வாத்தியார் சிரித்த சிரிப்பில் ஊன்றியிருந்த ஒற்றைக் காலும் வழுக்கி, ஏரிக்குள் தொப்பென்று விழுந்தார்.

மறுநாள் புன்னை மரத்தடியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. தமிழ் முடிந்தது, பேச்சி பறக்கவில்லை. பாய்ச்சான் காலையிலேயே வந்திருந்தான். கணக்கு முடிந்து மரங்கொத்தி மணி அடித்ததும், பழக்க தோஷத்தில் கொறியன் மட்டும் வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

கிளையிலிருந்து அணில் அம்மாவின் குரல் வந்தது. "டேய்! எங்கடா கிளம்பிட்டே? கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஆமை மாதிரி உட்காரு!"

கொறியன் உட்கார்ந்தான். பூரணி நகர்ந்து அவனுக்கு நிழலில் இடம் கொடுத்தாள்.

எந்தப் பாடம் என்றைக்குக் கைகொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒன்றையும் வெட்டிப் பாடம் என்று தள்ளாமல் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்பவரே வழி தெரிந்தவர் ஆவார்.