தளும்பாத குடம்

"எனக்கு நம்பிக்கை இருக்குதுங்க சாமி. எம் புள்ளைக்குத்தான் இல்லை" என்றான் அங்கமுத்து ஆசாரி.

தண்ணிச்சாமி கிணற்றுக்குள் வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"உங்கிட்ட இருக்கறதுல கொஞ்சம் அவளுக்குக் குடேன்."

"குடுத்துப் பாத்துட்டனுங்க. வாங்கமாட்டேங்கறா."

வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அங்கமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வியர்வை என்று சாமி நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைத்தான். மார்கழிக் காலையில் யாருக்கு வியர்க்கும்?

செம்பாறை மலைக்கு நூற்றெட்டுப் படி. உச்சியில் முருகன், அடிவாரத்தில் ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீரை உச்சிக்குச் சுமந்துபோய், ஏறி வருகிறவர்களுக்கு மோந்து கொடுப்பார் அந்தப் பெண்துறவி. பேர் கேட்டால் சொல்லமாட்டார். அதனால் ஊரே தண்ணிச்சாமி என்று ஒரு பேரை வைத்துவிட்டது. வயது நாற்பது இருக்கலாம், அங்கமுத்துவைவிட இரண்டு மூன்று குறைவுதான். பகலில் ஒரு வேளைச் சோறு. விரத நாளில் அதுவும் கிடையாது.

தனக்குச் சீடர் என்று அவர் யாரையும் சொன்னதில்லை. அங்கமுத்துதான் தன்னைச் சொல்லிக்கொள்வான். செவ்வாய்க்குச் செவ்வாய் வந்து பத்துக் குடம் சுமந்துவிட்டுப் போகிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

குடம் சுமப்பது அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாட்டுப் பாடிக்கொண்டு, வழியெல்லாம் சிந்திக்கொண்டு ஏறுவான். சாமி ஒரு நாளும் கோபித்ததில்லை. "சிந்தட்டும். படி குளுந்தா வெறுங்கால்ல வாரவங்களுக்கு நல்லதுதானே" என்பார்.

எட்டு மாதத்துக்கு முன் அவன் பட்டறையில் ஒரு காரியம் நடந்துபோனது. சுவரில் சாய்த்து வைத்திருந்த வேங்கைப் பலகைகள் சரிந்து அவன் மகள் வடிவின் மேல் விழுந்தன. பதினோரு வயது. தாயில்லாப் பிள்ளை. இடுப்பெலும்பும் இடது தொடையும் முறிந்தன.

பலகையைச் சாய்த்து வைத்தவன் அங்கமுத்து. கயிறு போட்டுக் கட்ட மறந்தவனும் அவன்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை.

வாளி மேலே வந்தது. சாமி தண்ணீரைக் குடத்தில் ஊற்றினார்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"எலும்பு கூடிருச்சாமுங்க. இனி மாத்திரையில ஒண்ணுமில்லை, நடந்து நடந்து பழகோணும், விழுந்தா எந்திரிச்சு மறுக்கா நடக்கோணும்னு சொல்லிட்டாரு."

"நடந்தாளா?"

"நடந்தாளுங்க! அவ உயரத்துக்கு ஒரு நடைவண்டி செஞ்சு குடுத்தேன். தேக்குல, மூணு சக்கரம் வெச்சு. 'நான் என்ன கைக்கொழந்தையாப்பா'ன்னு சிரிச்சா. அதைப் புடிச்சுட்டு நாலடி வெப்பா, தொப்புனு விழுவா. மறுக்கா எந்திரிப்பா. ஐப்பசி முச்சூடும் அப்படித்தான் போச்சு."

"பொறவு?"

"கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்ல இருந்து வண்டியத் தொடமாட்டேங்கறா. கேட்டா நாளைக்கு, நாளைக்குங்கறா. மூணு வாரமாச்சு. அதட்டியும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். செவுரப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கறா."

"நீ என்ன பண்ணினே?"

அங்கமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காகத்தான் அவன் மலையடிக்கே வந்திருந்தான்.

"வேண்டுதல் வெச்சிருக்கேனுங்க. மொட்டை போடறேன், காவடி எடுக்கறேன்னு ஊரு உலகமெல்லாம் வேண்டுது. நான் அப்படி இல்லை. தீபத்தன்னிக்கு அகல் ஏத்தி வெச்சு, வீட்டுல முருகன் படத்துக்கு முன்னால நின்னு சொல்லிட்டேன். தைப்பூசத்துக்குள்ள எம் புள்ளை நடந்தாகோணும். நடக்கலைன்னா என் உசுர நீ எடுத்துக்கோன்னு."

சாமியின் கை குடத்தின் விளிம்பிலேயே நின்றது.

"மனசுக்குள்ளயா சொன்னே?"

"சத்தமாத்தானுங்க. மனசுக்குள்ள சொன்னா முருகனுக்குக் கேக்குமோ கேக்காதோ."

"வடிவு அப்ப எங்க இருந்தா?"

"உள்ளார கட்டில்ல. தூங்கியிருப்பாளுங்க."

சாமி இன்னொரு வாளி இறைத்தார். குடத்தின் கழுத்துவரை ஊற்றிவிட்டு, மிச்சத்தைச் செம்பால் மோந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தண்ணீர் விளிம்புக்கு வந்து நின்றது. இன்னும் ஒரு சொட்டு விழுந்தால் வழிந்துவிடும்.

"உச்சிக்குக் கொண்டு போ."

"இப்படித் தளும்பத் தளும்பவா? சரிங்க."

"சிந்தக் கூடாது."

அங்கமுத்து சிரித்தான். சாமி இன்றைக்கு விளையாடுகிறார் என்று நினைத்தான்.

"ஒரு சொட்டுச் சிந்தினாலும் இன்னிக்கு நான் சோறு திங்கமாட்டேன்" என்றார் சாமி. "நாளைக்கும் திங்கமாட்டேன். நீ சிந்தாம ஒரு குடம் கொண்டுபோய்ச் சேக்கற வரைக்கும் பட்டினிதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. நேற்று சஷ்டி. சாமி பச்சைத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருப்பார். கிணற்றுமேட்டில் ஒரு சட்டிச் சோறு வாழையிலை போட்டு மூடியிருப்பதை அவன் பார்த்தான்.

"எதுக்குங்க சாமி இப்படியெல்லாம்?"

"உம்மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை."

அவன் குடத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துத் தூக்கினான். ஒரு படி ஏறினான். இரண்டாவது படி ஏறினான்.

பலா மரத் தடியைத் தனியாளாகப் புரட்டுகிறவன் அவன். இந்தக் குடமெல்லாம் ஒரு சுமையா? ஆனால் விளிம்பில் தண்ணீர் நடுங்குவது மூக்குக்கு நேரே தெரிந்தது. மூச்சு விட்டால்கூட நடுங்கியது. மூன்றாவது படியில் பாட்டு வரவில்லை. ஐந்தாவது படியைக் காலால் துழாவி ஏறினான். ஏழாவது படியில் கால் நின்றேவிட்டது.

"என்ன ஆசாரி?" என்றது கீழேயிருந்து குரல்.

"ஒண்ணுமில்லீங்க. போறேன்."

போகவில்லை.

"குடம் கனக்குதா?"

"இல்லீங்க."

"படி வழுக்குதா?"

"இல்லீங்க."

"அப்ப உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அங்கமுத்துவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நம்பிக்கை எல்லாம் இருக்குதுங்க! காலு வரமாட்டேங்குது. நீங்க பாட்டுக்குப் பட்டினி கெடப்பேன்னு சொல்லிப்போட்டீங்க. அடுத்த படியில சிந்திருச்சுன்னா என்ன பண்றது? இங்கயே நின்னா ஒண்ணும் ஆகாதுல்லங்க. நாளைக்கு ஏத்தறேன் சாமி. நாளைக்கு..."

சொல் வாயைவிட்டு வந்த பிறகுதான் அவன் காதில் விழுந்தது.

கை தளர்ந்தது. குடம் சாய்ந்தது. தண்ணீர் ஏழு படியும் இறங்கி ஓடிக் கிணற்றடி மண்ணை நனைத்தது.

அங்கமுத்து ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். இப்போது துண்டை எடுக்கவில்லை. வாய்விட்டு அழுதான்.

"அவ தூங்கலீங்க சாமி. அன்னிக்கு அவ தூங்கலை."

சாமி கிணற்றுமேட்டைப் பார்த்து நடந்தார்.

"விழுந்தா நான் போயிருவேன்னு பயந்துட்டுக் கெடக்கறா. தாயும் இல்லாத புள்ளைங்க அது. இதைப் போயி நான் நம்பிக்கை இல்லைன்னு..."

சாமி சோற்றுச் சட்டியைக் கையில் எடுத்தார். காக்கைக்கு வைக்கும் கல்லை நோக்கி நடந்தார். அங்கமுத்து பதறி எழுந்து படியிறங்கி ஓடிவந்தான்.

"சாமி, கொட்டீராதீங்க! நேத்தும் பட்டினி, இன்னிக்கும் பட்டினின்னா ஒடம்பு என்னத்துக்காகும்?"

"சிந்திருச்சே."

"சொன்ன சொல்ல மாத்திக்கங்க."

"மலையடியில நின்னு சொன்ன சொல்லு ஆசாரி. மாத்தினா தெய்வக் குத்தம் ஆகாதா?"

"ஆகாதுங்க! எம்மேல இருக்கற பாசத்துல சொன்னதுதானே. முருகன் என்ன கோர்ட்டு அமீனாவா, சொன்ன தேதிக்கு வந்து கதவத் தட்டறதுக்கு?"

சாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். இலையை விலக்கி ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். நிதானமாக மென்று விழுங்கினார்.

"நான் மாத்திக்கிட்டேன்" என்றார்.

அங்கமுத்து குடத்தைக் கவிழ்த்து வைத்தான். அன்றைக்கு வேறு குடம் சுமக்கவில்லை. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தான்.

வீட்டில் வடிவு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நடைவண்டி கட்டிலுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில் நின்றது. சக்கரத்தில் தூசி படிந்திருந்தது.

அவன் முன்னறைக்கு வந்து, உச்சி வெயில் நேரத்தில் அகல் ஏற்றினான். படத்துக்கு முன்னால் நின்றான். அன்றைக்குச் சொன்னதைவிடச் சத்தமாகச் சொன்னான்.

"முருகா! தீபத்தன்னிக்கு உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். புத்திகெட்டுப்போய்ச் சொல்லிட்டேன். அதை நான் திருப்பி எடுத்துக்கறேன். பலகையக் கட்டாம விட்டவன் நான். திட்டறதுன்னா என்னையத் திட்டிக்கோ. தைப்பூசம் அது பாட்டுக்கு வரட்டும், போகட்டும். எம் புள்ளை நடக்கற அன்னிக்கு நடக்கட்டும். அதுவரைக்கும் நூறு தடவை விழட்டும். அவ விழுந்தா நான் எங்கயும் போயிரமாட்டேன். இங்கதான் இருப்பேன். கெழவனாகி, பல்லு விழுந்து, அவ அதட்டற அதட்டல எல்லாம் கேட்டுட்டு இங்கதான் கெடப்பேன். ஆமா, சொல்லிட்டேன்."

உள்ளே சத்தமே இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. இன்றைக்கு நிஜமாகவே தூங்கிவிட்டாளோ என்று நினைத்தான். பட்டறைக்குப் போகலாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டான்.

கட்டில் கிறீச்சிட்டது.

பிறகு சக்கரம் உருண்டது. நின்றது. மறுபடி உருண்டது.

தொப்பென்று ஒரு சத்தம்.

அங்கமுத்துவின் கால் உள்ளே ஓடப் பார்த்தது. கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அப்பா!"

"என்ன கண்ணு?"

"விழுந்துட்டேன்."

அந்தக் குரலில் அழுகை இல்லை.

"எத்தனை அடி வெச்சே?"

"ரெண்டு."

அங்கமுத்து முருகன் படத்தின் பக்கம் திரும்பினான்.

"கேட்டுச்சா? ரெண்டு."