மடிப்புக் கலையாத பாதி

"அம்மா, எனக்கு எந்தத் தூளி ஒத்துவரும்? அதை மட்டும் சொல்லிடுங்க. காலையில பஸ்ஸுக்குப் போயிடுறேன்."

கேட்டவர் சிங்காரவேலு. முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர்.

மனைவி செண்பகவல்லி இறந்து பதினோரு மாதம். அன்றிலிருந்து கட்டிலில் தூக்கம் இல்லை. ஆடுகிற படுக்கையில் வரும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கடையில் ஹேமக் என்று விற்கிற பெரிய தூளிகளை ஒவ்வொன்றாக வாங்கத் தொடங்கினார்.

நான்கு வாங்கியும் தூக்கம் வரவில்லை. கடைசியில் வந்து சேர்ந்த இடம், மலையடிவாரத்தில் தவமணியம்மாவின் ஆசிரமம். அம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பேச்சு அதைவிடக் குறைவு.

கொண்டுவந்த நான்கு தூளிகளையும் சிங்காரவேலு அங்கே மாந்தோப்பில் இழுத்துக் கட்டியிருந்தார்.

"இது பருத்தி. காத்து வரல. இது நைலான் வலை. முதுகெல்லாம் கட்டம் விழுது. இது பாராசூட் துணி. புரண்டா சரசரங்குது. இது ரெண்டு முனையிலயும் கட்டை வெச்சது. நல்லா விரிஞ்சு நிக்கும், ஆனா கவுத்துடும்."

"மத்தது கவுக்காதா?"

சிங்காரவேலு நான்கையும் ஒரு தடவை பார்த்தார்.

"நாலுமே கவுக்குது."

"அளந்து பாத்தீங்களா?"

"நீளம், அகலம், தாங்குற எடை, மரத்துக்கு மரம் தூரம். எல்லாம் நோட்டுல இருக்கும்மா."

இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மா நோட்டை வாங்கவில்லை.

"படுங்க."

படுத்தார். விழுந்தார்.

அடுத்ததில் படுத்தார். விழுந்தார். மூன்றாவதில் மூக்குக்கண்ணாடி தனியாகப் போய் விழுந்தது.

நான்காவது முறை விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. புல்லிலேயே உட்கார்ந்து அழுதார். பாவம், அறுபது வயதுக்கு மேல் ஒரு மனிதன் தூக்கத்துக்காக அழுதான்.

அம்மா பருத்தித் தூளியை அவிழ்த்து அவர் முன்னால் விரித்தாள்.

வலது பாதி நைந்திருந்தது. தலைப்பக்கம் எண்ணெய்க் கறை. இடது பாதியில் கடைக்காரன் மடித்துக் கொடுத்த மடிப்பு இன்னும் கலையவில்லை.

"இதுல எத்தன நாளாப் படுக்கிறீங்க?"

"நாலு மாசமா."

"இந்தப் பாதியில யாரும் படுக்கலையே."

எல்லைக் கல் ஓர் அடி நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவர் அவர். மடிப்பு தொடங்கும் இடத்தை விரலால் தொட்டார்.

"அது அவ பக்கம்," என்றார்.

முப்பத்தோரு வருடம் கட்டிலில் அவள் இடது, இவர் வலது. கட்டில் போய்த் தூளி வந்தது அவருக்குத் தெரிந்தது. அவள் இல்லாததும் தெரிந்தது. உடம்புக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அம்மா தூளியை மறுபடி கட்டினாள். இந்த முறை இழுத்துக் கட்டாமல் நன்றாகத் தொய்ய விட்டாள். பிறகு தானே அதில் ஏறி, ஒரு மூலையில் தலையும் எதிர் மூலையில் காலுமாகக் குறுக்கே படுத்துக் காட்டினாள். துணி தட்டையாக விரிந்து அசையாமல் நின்றது.

இறங்கினாள்.

"இப்படித்தான் படுக்கணும். ஓரமாப் படுத்தா எந்தத் தூளியும் கவுக்கும்."

சிங்காரவேலு ஏறினார். தலையை வலது ஓரத்தில் வைத்தார். கால் நடுவில் வந்து நின்றுவிட்டது.

தூளி லேசாகச் சாய ஆரம்பித்தது.

"காலு அவ பக்கம் போகுதும்மா."

"போனா?"

"திட்டுவா. என் காலு எப்பவும் ஜில்லுன்னு இருக்கும்."

"திட்டினா எடுத்துடுவீங்களா?"

மாமரத்தில் ஓர் அணில் இறங்கி, யோசித்து, திரும்ப ஏறியது.

"முப்பத்தோரு வருஷத்துல ஒருநாளும் எடுத்ததில்ல," என்றார் சிங்காரவேலு.

காலை நீட்டினார்.